நாயும் பூனையும்: பழகிய பிராணிகளின் அறியாத இயல்புகள்

பூனைக்கு இனிப்புச் சுவை தெரியாது. பாயசக் கிண்ணத்தை அது துளி விடாமல் நக்குவதைக் கண்டவர்கள் இதனை எளிதில் ஒப்பமாட்டார்கள். எனினும் உண்மை அதுவே. இனிப்பை உணர வேண்டுமானால் நாவின் சுவையரும்புகளில் இரண்டு புரதங்கள் இணைந்து அமைந்திருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்றை உண்டாக்கும் ஜீன் பூனையிடம் சிதைந்து பயனற்றுக் கிடக்கிறது என்பதை அமெரிக்காவில் பிலடெல்பியா நகரிலுள்ள மோனெல் ஆராய்ச்சி நிலையத்தார் 2005ஆம் ஆண்டில் வெளியிட்டனர். புலியிடத்தும் சிவிங்கிப்புலியிடத்தும் அதே சிதைவு காணப்பட்டது. ஆகவே இது வீட்டுப் பூனைக்கு நேர்ந்த குறையன்று. அக்குலத்தின் பொது இயல்பாகும். பாயசத்தில் பூனை நாடுவது பாலின் கொழுப்பையும் புரதத்தையுமே. சர்க்கரை இட்டாலும் இடாவிட்டாலும் அதற்கு ஒன்றுதான்.

நாயும் பூனையும் மனிதரை அண்டி வாழத் தொடங்கிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆயின. நாய் வேட்டைக் கூட்டத்தாரின் பின்னே வந்து சேர்ந்தது. பூனையோ தானியக் களஞ்சியத்து எலியைத் தேடி வந்தது. சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதரின் அருகே பூனையும் அடக்கம் செய்யப்பட்டிருந்தமை 2004ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. இத்தனை நெடுங்காலப் பழக்கத்தினால் ஒரு தவறும் வளர்ந்திருக்கிறது. நம் நாவைக் கொண்டும் கண்ணைக் கொண்டும் முகக் குறிப்பைக் கொண்டும் அவற்றை அளக்கிறோம். இத்தவற்றுள் பல வெறும் வேடிக்கை. சில பிராணியின் உயிரைப் போக்குவன. ஒன்றிரண்டு மனித உயிரையே போக்குவன. கிராமங்களில் பணியாற்றுவோரிடமும் பள்ளி ஆசிரியர்களிடமும் மக்கள் இவை குறித்துக் கேட்பது வழக்கமாதலின், ஆராய்ச்சியில் உறுதிப்பட்ட சில செய்திகள் இங்கே கூறப்படுகின்றன.

உணவும் நஞ்சும்

பூனை கண்டிப்பான ஊனுண்ணி. டாரின் என்னும் அமினோ அமிலத்தை மனித உடலும் நாயின் உடலும் பெரும்பாலும் தாமே ஆக்கிக்கொள்கின்றன. பூனையின் உடல் தேவையான அளவு ஆக்குவதில்லை. டாரின் இல்லாத உணவைத் தொடர்ந்து கொடுத்தால் பூனையின் விழித்திரை கெட்டுப் பார்வை போகும் என்பது 1975ஆம் ஆண்டில் மெய்ப்பிக்கப்பட்டது. அதே குறையினால் இதயத் தசை தளர்ந்து பூனை இறப்பதும் உண்டு என்பது 1987ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் தெரியவந்தது. காரட், கீரை ஆகியவற்றின் மஞ்சள் நிறப் பொருளிலிருந்து நாம் வைட்டமின் ஏ பெறுகிறோம். பூனையால் அங்ஙனம் பெறவும் இயலாது. சைவ உணவு உண்ணும் இல்லங்களில் தயிர்ச்சோற்றையும் பாலையுமே கொடுத்து வளர்க்கும் பூனை நலமாக இருக்கிறதே என்று கேட்கலாம். அது இரவில் பிடித்துத் தின்னும் எலியும் பல்லியும் ஓணானும் அக்கேள்விக்கு விடை கூறும். வெளியே விடாமல் அடைத்து வளர்க்கும் பூனைக்கு அவ்வழியும் இல்லை. அதற்கு மீனோ இறைச்சியோ அல்லது டாரின் சேர்த்த தயாரிப்பு உணவோ வேண்டும். வளர்ந்த பூனைகளுள் பலவற்றிற்குப் பாலே செரிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குட்டிப் பருவத்திற்குப் பின் குறைந்துவிடுகிறது, வயிற்றுப்போக்கு உண்டாகிறது.

நாயின் கதை வேறு. நாயின் முன்னோர் ஓநாய்கள். ஆனால் மாவுப் பொருளைச் செரிக்கும் நொதிக்குரிய ஜீன் ஓநாயிடம் இரண்டு படிகளே இருக்க, நாயிடம் நான்கு முதல் முப்பது படிகள் வரை இருப்பதை ஸ்வீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழகத்தார் 2013ஆம் ஆண்டில் கண்டனர். உழவர் குடியிருப்பில் எஞ்சிய சோற்றையும் ரொட்டியையும் கஞ்சியையும் உண்டு பிழைக்கக் கற்ற விலங்கின் உடலிலேயே அவ்வாழ்க்கை எழுதப்பட்டுவிட்டது எனலாம். தெருவில் எறியப்படும் மிச்சத்தைக் கொண்டு நம் நாட்டு நாய் வாழ முடிவதன் இரகசியம் இதுவே.

மருந்து விஷயத்தில் இவ்வேற்றுமை பெருங்கேட்டை விளைவிக்கும். காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் வீட்டுக்கு வீடு வைத்திருக்கும் பாரசிட்டமால் மாத்திரை பூனைக்குக் கொடிய நஞ்சு. மனித ஈரல் அம்மருந்தை ஒரு சர்க்கரை அமிலத்துடன் பிணைத்து வெளியேற்றுகிறது. அதற்கு வேண்டிய நொதியின் ஜீனும் பூனையிடம் சிதைந்துள்ளது. வெளியேறாத மருந்து இரத்தத்தின் சிவப்பணுக்களைத் தாக்கி, அவை பிராணவாயுவைச் சுமக்க முடியாதவாறு செய்துவிடுகிறது. ஈறுகள் பழுப்பாகவோ நீலமாகவோ மாறும். முகமும் பாதங்களும் வீங்கும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது. குழந்தைக்குக் கொடுப்பதைப் போல அரை மாத்திரையாவது கொடுப்போம் என்று எண்ணுவோர் உளர், அதுவும் கூடாது. நாய்க்குச் சாக்கலேட்டும் திராட்சையும் ஆகா. இனிப்பு மிட்டாய்களிலும் மெல்லும் பசைகளிலும் சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சைலிட்டால் என்னும் பொருள் நாயின் இரத்தச் சர்க்கரையைத் திடீரெனக் குறைத்து உயிருக்கு இடையூறு செய்யும்.

தண்ணீர் குடிக்கும் முறையிலும் இரண்டும் வேறுபடுகின்றன. நாய் நாவைப் பின்புறமாக அகப்பைபோல் வளைத்து நீருக்குள் அடித்து எடுப்பதால் சுற்றிலும் சிதறுகிறது. பூனையோ ஒரு துளியும் சிந்துவதில்லை. விரைவு நிழற்படக் கருவியால் இதனை ஆராய்ந்த மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தாரும் அவர்களுடைய தோழர்களும் 2010ஆம் ஆண்டில் விடை கண்டனர். பூனையின் நா நீருக்குள் புகுவதேயில்லை. நுனி நீரின் மேற்பரப்பைத் தொட்டவுடன் மேலே எழுகிறது. நாவுடன் ஒட்டி ஒரு நீர்த்தூண் எழும்புகிறது. புவியீர்ப்பு அதனைக் கீழே இழுத்து அறுப்பதற்குமுன் பூனை வாயை மூடிக்கொள்கிறது. ஒரு விநாடிக்கு நான்கு முறை அளவில் இது நடைபெறுகிறது. புலி, சிங்கம் முதலிய பெருவிலங்குகள் இதையே மெதுவாகச் செய்கின்றன.

மூக்கும் கண்ணும்

நாயின் மோப்பத் திறனை யாரும் அறிவர். அது செயற்படும் விதம் அவ்வளவாக அறியப்படவில்லை. மனித மூக்கில் மணம் உணரும் செல்கள் ஐம்பது, அறுபது இலட்சம் இருக்க, நாயின் மூக்கில் இருபது கோடிக்கு மேலும் இருக்கலாம் என்று கணக்கிடுவர். எண்ணிக்கை மட்டுமன்று, அமைப்பும் வியக்கத்தக்கது. உள்ளே இழுக்கும் காற்றில் சுமார் எட்டில் ஒரு பங்கு தனி வழியே பிரிந்து பின்புறத்திலுள்ள மோப்ப அறைக்குச் செல்கிறது, எஞ்சியது சுவாசத்திற்கு. மூச்சை வெளிவிடும்போது காற்று நேரே வராமல் நாசியின் பக்கப் பிளவுகள் வழியாகப் பின்னோக்கிச் செல்கிறது. ஆகவே எதிரேயுள்ள மணத்தை அது கலைப்பதில்லை. நாய் விநாடிக்கு ஐந்து முறை அளவில் முகரக்கூடியது. மேலும், அதன் ஈரமான குளிர்ந்த மூக்கு நுனி, தொலைவிலுள்ள இளஞ்சூடான பொருளின் மெல்லிய வெப்பக் கதிரையும் உணர்கிறது என்று ஸ்வீடன், ஹங்கேரி நாட்டு ஆராய்ச்சியாளர் 2020ஆம் ஆண்டில் காட்டினர். கயிற்றில் கட்டி உலாவ அழைத்துச் செல்லும் நாய் ஒவ்வொரு கம்பத்தருகிலும் நிற்பதைக் கண்டு பொறுமையிழப்பவர்கள், அது அன்றைய செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருக்கிறது என்று கொள்வது தகும்.

நாய்க்கு உலகம் கறுப்பு வெள்ளையாகத் தெரிகிறது என்பது பரவலான நம்பிக்கை. இது சரியன்று. நம் கண்ணில் நிறமறியும் கூம்புச் செல்கள் மூவகை. நாயின் கண்ணில் இருவகை. நீலத்தையும் மஞ்சளையும் அது காணும்; சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாது. பச்சைப் புல்லில் எறிந்த சிவப்புப் பந்தை நாய் தேடி அலைவது மூடத்தனத்தால் அன்று. நம் நாட்டுத் தெரு நாய்களைக் கொல்கத்தாவை அடுத்துள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிலையத்தார் நெடுநாளாக ஆராய்ந்து வருகின்றனர். மஞ்சள், நீலம், சாம்பல் நிறக் கிண்ணங்களை வைத்துப் பார்த்தபோது அந்நாய்கள் மஞ்சளையே பெரிதும் நாடின. உணவு சாம்பல் நிறக் கிண்ணத்தில் இருந்தபோதும் வெற்று மஞ்சள் கிண்ணத்தை நோக்கிச் சென்றவை பல. 2025ஆம் ஆண்டில் வெளிவந்த இம்முடிவுக்குக் காரணம் இன்னும் தெளிவாகவில்லை.

அதே நிலையத்தார் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட மற்றொரு செய்தி இன்னும் கவனிக்கத்தக்கது. எப்பயிற்சியும் பெறாத தெரு நாய்கள், முன்பின் அறியாத மனிதர் ஒருவர் கையால் சுட்டும் திசையைப் புரிந்துகொண்டு அத்திசையிலுள்ள கிண்ணத்தை அடைந்தன. சோதனையில் கலந்துகொண்டு அருகே வந்தவற்றுள் சுமார் 80 சதவீதம் இவ்வாறு செய்தன. ஏறத்தாழப் பாதி நாய்கள் அஞ்சி அருகே வரவேயில்லை என்பதையும் மறத்தலாகாது. மனிதரிடம் அவை பட்ட அடியே அவ்வச்சத்திற்குக் காரணமாதல் கூடும்.

பூனைக்கு இருளில் கண் தெரியும் என்பது பாதி உண்மை. முழு இருளில் எதற்கும் கண் தெரியாது. நமக்கு வேண்டிய ஒளியில் ஆறில் ஒரு பங்கு அளவே பூனைக்குப் போதும். விழித்திரைக்குப் பின்னுள்ள கண்ணாடி போன்ற படலம் ஒளியைத் திருப்பி அனுப்பி இருமுறை பயன்படச் செய்கிறது. இரவில் வண்டி விளக்கில் பூனையின் கண் ஒளிர்வதும் இதனாலேயே.

வகுப்பறைக்கு ஏற்ற ஒரு பாடம் தெருவிலேயே கிடைக்கிறது. கறுப்பும் செம்மஞ்சளும் கலந்த பூனையைக் கண்டால், அது பெண் என்று பார்க்காமலே கூறிவிடலாம். அநேகமாக ஒருபோதும் பிழைக்காது. செம்மஞ்சள் நிறத்தைத் தீர்மானிக்கும் ஜீன் எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. ஆணுக்கு எக்ஸ் ஒன்று. எனவே கறுப்பு அல்லது செம்மஞ்சள், இரண்டில் ஒன்றே வரும். பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. கருவளர்ச்சியின் தொடக்கத்தில் ஒவ்வொரு செல்லும் இரண்டில் ஒன்றை அடைத்துவிடுகிறது. எதை அடைப்பது என்பது குருட்டுவாக்கில் நிகழ்கிறது. ஒரு செல்லிலிருந்து பெருகியவை யாவும் அதே முடிவைப் பின்பற்றுவதால் உடலில் திட்டுத்திட்டாக நிறம் அமைகிறது. இக்கொள்கையை இங்கிலாந்தைச் சேர்ந்த மேரி லயன் அம்மையார் 1961ஆம் ஆண்டில் எலிகளைக் கொண்டு வகுத்தார். அந்த ஜீன் எது என்பதை ஜப்பானிய, அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2025ஆம் ஆண்டில்தான் கண்டனர். 2001ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணத்தில் மூவண்ணப் பூனை ஒன்றின் செல்லிலிருந்து நகல் பூனை உண்டாக்கியபோது, பிறந்த குட்டியின் உடலில் செம்மஞ்சளே இல்லை. எடுத்த செல்லில் அந்நிறத்திற்குரிய எக்ஸ் அடைபட்டிருந்ததே காரணம். மூவண்ண ஆண் பூனை மிக அரிது. அதற்கு எக்ஸ் இரண்டும் ஒய் ஒன்றும் இருக்கும். மாணவர்களை ஒரு வாரம் தெருப் பூனைகளைத் தொலைவிலிருந்தே எண்ணி அட்டவணையிடச் செய்தால் பாடம் தானே பதியும். தொலைவிலிருந்து என்று குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு.

கடியும் வெறிநோயும்

வாலாட்டும் நாய் கடிக்காது என்று குழந்தைகளுக்குச் சொல்லி வைக்கிறோம். வாலாட்டம் கிளர்ச்சியின் அடையாளமே அன்றி நட்பின் அடையாளம் அன்று. தலைவனைக் கண்ட நாய் வாலைத் தன் வலப்புறமாக மிகுதியாக ஆட்டுவதும், அச்சுறுத்தும் அந்நிய நாயைக் கண்டால் இடப்புறமாக மிகுதியாக ஆட்டுவதும் இத்தாலியில் 2007ஆம் ஆண்டில் அளந்தறியப்பட்டது. விறைத்து உயர்ந்த வால், அசையாத உடல், உற்று நோக்கும் கண், சுருங்கிய மூக்கு ஆகியவையே எச்சரிக்கைக் குறிகள். சிறு குழந்தைகள் பல்லைக் காட்டும் நாயின் முகத்தைச் சிரிப்பு என்று கொள்கின்றனர் என்பது ஆராய்ச்சியில் வெளிப்பட்ட செய்தி. பள்ளி ஆசிரியர் இதனை மனத்தில் இருத்த வேண்டும். உலகில் வெறிநோய் ஐயமுள்ள பிராணியால் கடிபடுவோரில் நூற்றுக்கு நாற்பதின்மர் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

வெறிநோயைப் பற்றிய மிகப் பெரிய தவறு, வெறிநாய் தண்ணீருக்கு அஞ்சும் என்பதாகும். நீரச்சம் நோயுற்ற மனிதருக்கே உரிய அறிகுறி. நோயுற்ற நாய் தண்ணீரைக் கண்டு ஓடுவதில்லை. வாய்க்காலையும் கடந்து செல்லும். எனவே ‘இந்த நாய் தண்ணீர் குடித்தது, பயமில்லை’ என்று யாராவது சொன்னால் அதை ஏற்கலாகாது. இரண்டாவது தவறு, வெறிநாய் என்றால் ஓடி ஓடிக் கடிக்கும் என்பது. சில நாய்கள் எவரையும் கடிக்காமல் மூலையில் சோர்ந்து படுத்திருக்கும்; கீழ்த்தாடை தொங்கும்; எச்சில் வழியும்; குரல் மாறும். தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது என்று இரக்கப்பட்டு வாய்க்குள் கைவிடுவோர் உண்டு. கையில் சிறு கீறல் இருந்தாலும் நோய் புகுந்துவிடும். மூன்றாவது, பூனையாலும் குட்டி நாயாலும் ஆபத்தில்லை என்னும் எண்ணம். இரண்டும் நோயைப் பரப்பக்கூடியவையே.

நோய்க் கிருமி காயத்திலிருந்து நரம்பின் வழியே மெல்ல மூளைக்குச் செல்கிறது; அங்கிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிகளை அடைகிறது. அறிகுறி தோன்றப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். தோன்றிய பின் பிழைத்தவர் உலகிலேயே மிகச் சிலர். ஆயினும் அந்த இடைக்காலமே மனிதனுக்குக் கிடைத்த வாய்ப்பு. கிருமியைச் சுற்றிக் கொழுப்புப் படலம் ஒன்று உள்ளது. சோப்பு அதனைக் கரைத்துக் கிருமியை அழிக்கிறது. எனவே கடிபட்டவுடன் சோப்பிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுதல் ஏதோ சடங்கு அன்று, சிகிச்சையின் முதற்பகுதி. மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், பச்சிலை ஆகியவற்றைக் காயத்தில் வைப்பது கிருமியை உள்ளே செலுத்துவதாகவே முடியும். கட்டுப் போடவும் தையலிடவும் அவசரப்படலாகாது.

பிறகு தடுப்பூசி. வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்னும் அச்சத்தால் மருத்துவமனைக்குச் செல்லாதவர்கள் இன்றும் உள்ளனர். அது ஆட்டு மூளையிலிருந்து செய்யப்பட்ட செம்பிள் மருந்து. இமாசலப் பிரதேசத்துக் கசௌலியில் 1911ஆம் ஆண்டில் உருவாகி, 2004ஆம் ஆண்டின் இறுதியோடு நம் நாட்டில் கைவிடப்பட்டது. இன்று அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் தோலுக்குள் இரண்டு இடங்களில் 0.1 மில்லிலிட்டர் வீதம் போடுகின்றனர். முதல் நாளுக்குப் பின் 3, 7, 28ஆம் நாட்களில் மீண்டும் வர வேண்டும். இரத்தம் வரக் கடித்திருந்தால் காயத்தைச் சுற்றி எதிர்ப்பொருள் மருந்தும் செலுத்த வேண்டும். கடித்த நாயையோ பூனையையோ பத்து நாள் கவனிக்கும் வழக்கம் சரியானதே. ஏனெனில் உமிழ்நீரில் கிருமி இருந்தால் அதற்குள் அப்பிராணி நோயுற்று இறந்துவிடும். ஆனால் அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடுவது கூடாது. ஊசியைத் தொடங்கிவிட்டுப் பிராணியைக் கவனித்தல் வேண்டும். பிராணி நலமாக இருந்தால் எஞ்சிய ஊசிகளைப் பற்றி மருத்துவர் முடிவு செய்வார்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் 15 மாநிலங்களில் வீடுவீடாகச் சென்று எடுத்த கணக்கின்படி, ஆண்டுதோறும் நாட்டில் சுமார் 5,700 பேர் வெறிநோயால் இறக்கின்றனர். கடிபட்டவர்களில் ஐவருக்கு ஒருவர் ஓர் ஊசிகூடப் போட்டுக்கொள்ளவில்லை. இறப்பைத் தடுக்க முடியும் என்பதற்குக் கோவா சான்று. அங்கே 2013ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தில், பணியாளர்கள் வலைகளுடன் தெருத்தெருவாகச் சென்று ஆண்டுக்குச் சுமார் 95,000 நாய்களுக்குத் தடுப்பூசி போட்டனர். பள்ளிகளில் குழந்தைகளுக்கு நாயின் குறிப்பறியக் கற்பித்தனர். நூற்றுக்கு எழுபது நாய்களுக்கு ஊசி எட்டிய பின் நோய் பரவும் சங்கிலி அறுந்தது. நாய்களிடையே வெறிநோய் 92 சதவீதம் குறைந்துவிட்டது என்று 2022ஆம் ஆண்டில் வெளியான அறிக்கை தெரிவித்தது. ஊசி போட்ட நாயின் தலையில் வண்ணத்தால் ஒரு பொட்டு இட்டு அனுப்பினர். மறுமுறை அவ்வழியே வருவோருக்கு எந்த நாய் எஞ்சியிருக்கிறது என்பது அதனால் தெரிந்தது.